ஹாஷ் டேபிளுக்கு அளவெடுத்த காலம்

1. நாலாவது மாடி

என்னைக் கெர்னல் குழுவுக்கு மாற்றியபோது எனக்கு ஐம்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அதுவரை கஸ்டமர் சப்போர்ட்டில் இருந்தேன். பெங்களூரின் தென்கோடியில், ஓசூர் ரோட்டை ஒட்டி இருந்த எங்கள் கம்பெனி, சின்ன ஊர்களில் இன்டர்நெட் கொடுக்கும் கேபிள்காரர்களுக்கான கேட்வே பெட்டிகளைச் செய்துவந்தது. ஓர் ஊரில் உள்ள எல்லா வீட்டு இன்டர்நெட்டும் அந்த ஒரு பெட்டி வழியாகத்தான் வெளியே போய்த் திரும்பி வரும். பெட்டி நின்றால் போன் எனக்கு வரும். திட்டை வாங்கிக்கொண்டு, என்ன நடந்தது என்று பொறுமையாகக் கேட்டு எழுதி, பெட்டியின் அடிப்படை மென்பொருளைக் கவனித்த, நாலாவது மாடியில் இருந்த கெர்னல் குழுவுக்கு அனுப்புவேன்.

அந்தக் குழுவில் இரண்டு பேர் ஒரே மாதத்தில் வேலையை விட்டுவிட்டார்கள். குழுத் தலைவர் பிரகாஷ் சார் மைசூர்ப் பக்கத்துக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார், நடுநடுவே 'ரீ' என்று கன்னட மரியாதை விளி எட்டிப் பார்க்கும். ஒருநாள் கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"மல்லிகா, நீங்க அனுப்புற கம்ப்ளெயின்ட் மட்டும்தான் ரீ படிச்சா புரியுது. மேல வந்துடுங்க."

"சார், நான் கோட் எழுதி ரொம்ப வருஷம் ஆச்சு."

"இங்க யாரு எழுதறாங்க? எல்லாரும் பழசைப் படிச்சிட்டு இருக்கோம். நீங்களும் வந்து படிங்க."

போனேன். முதல் நாள் அவர் எனக்குத் திறந்து காட்டியது ஒரே ஒரு ஃபைல். அதில் ஒரு வரியைக் கர்சரால் தொட்டார். கனெக்‌ஷன் டேபிளின் அளவு அங்கே ஒரு நிலையான எண்ணாக எழுதப்பட்டிருந்தது. பக்கத்தில், எழுதியவர் யாரோ, 'தேவைப்பட்டால் மாற்றவும்' என்று ஆங்கிலத்தில் குறிப்பு வைத்திருந்தார்.

"யார் சார் மாத்துவாங்க?" என்று கேட்டேன்.

"அதான் கேள்வி. யாருக்குத் தேவையோ, அவங்களுக்கு இப்படி ஒரு வரி இருக்கறதே தெரியாது. நமக்குத் தெரியும், ஆனா அவங்க ஊர்ல என்ன தேவைன்னு நமக்குத் தெரியாது."

இந்தத் துறைக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்காக ஒரு விளக்கம். ஊரில் யாராவது போனில் ஒரு பக்கத்தைத் திறந்தால், எந்த வீட்டு போன் யாரோடு பேசுகிறது என்று பெட்டி ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். பதில் வரும்போது அந்த ஞாபகத்தைத் தேடித்தான் சரியான வீட்டுக்கு அனுப்பும். லட்சக்கணக்கான இணைப்புகளில் ஒவ்வொன்றாகத் தேட நேரம் கிடையாது. அதனால் ஒவ்வோர் இணைப்பின் விவரத்தையும் வைத்து ஒரு கணக்குப் போட்டு ஓர் எண்ணை எடுப்போம். அந்த எண்ணுள்ள அறையில் அந்த இணைப்பை வைப்போம். அறைகள் எல்லாம் சேர்ந்ததுதான் ஹாஷ் டேபிள். அறைகள் தாராளமாக இருந்தால் ஓர் அறைக்கு ஒன்றிரண்டு இணைப்புதான் இருக்கும், தேடியதும் கிடைத்துவிடும். அறைகள் போதவில்லை என்றால் ஒரே அறையில் இணைப்புகள் ஒன்றன் பின் ஒன்றாகச் சங்கிலி போல நீண்டுபோகும். ஒவ்வொரு பாக்கெட்டும், அதாவது ஒவ்வொரு சிறு தகவல் துண்டும், வரும்போது பெட்டி அந்தச் சங்கிலி முழுவதையும் தடவித் தேட வேண்டும். அப்போது பெட்டி தேடுவதைத் தவிர வேறு எதுவும் செய்யாது.

2. சாயங்காலமானால் நிற்கும் ஊர்

மாடி மாறினாலும் என் போன் நம்பர் மாறவில்லை. பழைய கஸ்டமர்கள் என்னைத்தான் கூப்பிட்டார்கள். அவர்களில் தர்மபுரிப் பக்கம் பென்னாகரத்து முனிரத்தினம் முக்கியமானவர். கேபிள் டிவி காலத்திலிருந்து தொழிலில் இருப்பவர். பெட்டியை ஒரு ஜீவனைப் போலப் பேசுவார்.

"மேடம், காலையில நல்லாத்தான் இருக்குதுங்க. சாயங்காலம் ஆச்சுன்னா மூச்சு வாங்குது. பஜார்ல நடக்க முடியலீங்க. டீ குடிக்க நின்னா, 'என்னாங்க உங்க நெட்டு, சுத்திகினே இருக்குது'ங்கறாங்க. வூட்டுலயும் அதே பேச்சு. போனையே ஆப் பண்ணி வெச்சுர்றேன்."

சப்போர்ட்டில் எனக்குப் பின் வந்தவர்கள் அவரிடம் பெரிய பெட்டி வாங்கச் சொல்லியிருந்தார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. சொந்த ஊரான மாரண்டஹள்ளியில் அண்ணன் வீட்டுக்கு வந்த ஒரு சனிக்கிழமை, பஸ் மாறி மாறிப் பென்னாகரம் போனேன். என்னோடு அருளும் வந்தார்.

அருளைப் பற்றிச் சொல்ல வேண்டும். டெஸ்டிங் குழுவில் இருந்தார். பென்னாகரம் ரோட்டில் ஒரு கிறிஸ்தவக் கிராமம் அவருடைய ஊர். என்னைவிடப் பத்து வயது இளையவர், ஆனால் அலுவலகத்தில் எல்லோரும் அவருக்குக் கொஞ்சம் பயப்படுவார்கள். ரிலீஸ் ஆகும் எதுவும் அவருடைய கையெழுத்து இல்லாமல் வெளியே போகாது. அவர் சுலபத்தில் கையெழுத்துப் போடமாட்டார். சனிக்கிழமைகளில் ஓசூர் வழியாக வரும் ரயிலில் ஒன்றாக வருவோம். நான் இறங்கும்வரை ஏதாவது ஒரு பிழையைப் பற்றி வாதம் நடக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் குடும்பச் சண்டை என்று நினைத்துச் சமாதானப்படுத்த வந்ததுகூட உண்டு.

முனிரத்தினத்தின் ஆபீஸ் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது. பெட்டிக்கு ஒரு மேஜை ஃபேனைத் திருப்பி வைத்திருந்தார். தனக்கு வைக்கவில்லை. பொழுது சாய்ந்ததும் வீடுகளில் போன்கள் உயிர்பெறத் தொடங்கின. நான் லேப்டாப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன். சிபியுவின் வேலைச்சுமை கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, உச்சியில் முட்டி நின்றது. வெளியே போகும் லைனில் நெரிசல் இல்லை. மெமரியில் பாதிக்கு மேல் மிச்சம். டேபிளைத் திறந்து பார்த்தால் ஒவ்வோர் அறையிலும் சங்கிலி நீண்டு கிடந்தது.

"பெட்டியில தப்பில்லீங்க. எடமும் இருக்கு. ஆனா எடம் இருக்கறது அதுக்குத் தெரியல" என்றேன்.

முனிரத்தினம் ஃபேனைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "தெரியறாப்பல பண்ண முடியாதுங்களா?"

திரும்பி வரும் பஸ்ஸில், தர்மபுரி நெருங்கும்போது அருள் சொன்னார். "அவர் கேட்டாரே, அதான் கரெக்டான கேள்வி."

3. பெரிசாக்கினால் தீர்ந்துவிடுமா

பிரகாஷ் சாருக்கு மேலிருந்து நெருக்கடி. பென்னாகரம் மாதிரி இன்னும் பல ஊர்களிலிருந்து இதே புகார். அந்த எண்ணைப் பல மடங்கு பெரிதாக்கி எல்லோருக்கும் அனுப்பிவிடலாம் என்று முடிவானது. அவசரத்துக்கு அது நியாயமான முடிவுதான். பெரிய பெட்டிகளில் வைத்துச் சோதித்தோம், பறந்தது. பென்னாகரத்துக்கு அனுப்புவதற்கு முன்னால் மற்ற இடங்களுக்குப் போக ஆரம்பித்தது.

இரண்டே வாரத்தில் சித்தேரி மலையிலிருந்து ஒரு போன். அங்கே ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் எங்கள் கம்பெனியின் மிகச் சின்ன மாடல் பெட்டி இருந்தது. பேசியவர் அங்கே வேலை செய்த நர்ஸ்.

"பெட்டி நின்னு நின்னு வருதுங்க. இன்னிக்கு மாசமா இருக்கற ஒரு பொண்ணு, கால் வீங்கி வந்துச்சு. டவுன் டாக்டரம்மாகிட்ட வீடியோவுல காட்டிகினு இருந்தேன். ரிப்போர்ட்டப் பாத்துட்டு அவங்க என்னமோ சொல்ல வாயத் தொறந்தாங்க, படம் அப்படியே நின்னுபோச்சுங்க."

"அப்புறம் என்னம்மா பண்ணீங்க?"

"அவங்க மொகத்தப் பாத்தேன். நல்ல சேதி சொல்ற மொகமா தெரியல. ஜீப்ப வரச்சொல்லிக் கீழ அனுப்பிட்டேன்."

அந்தப் பெண்ணுக்கு ரத்த அழுத்தம் அதிகமாகியிருந்ததாம். கீழே வந்து சேர்ந்ததால் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். மறுவாரம் நர்ஸ் கூப்பிட்டுச் சொல்லித்தான் அது எனக்குத் தெரிந்தது. அந்தச் சின்னப் பெட்டியில் மெமரியே கொஞ்சம்தான். பூட் ஆகும்போதே ஹாஷ் டேபிள் அதில் பெரும்பங்கை விழுங்கிவிட்டது. மலையில் இருந்த இணைப்புகளோ விரல் விட்டு எண்ணக்கூடியவை. காலி அறைகளுக்காக மெமரியைக் கொடுத்துவிட்டு, மற்ற வேலைக்கு இடம் இல்லாமல் பெட்டி திரும்பத் திரும்ப ரீபூட் ஆகியிருக்கிறது.

பிரகாஷ் சார் அன்று மதியமே எல்லாவற்றையும் பழைய எண்ணுக்குத் திருப்பச் சொன்னார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"பென்னாகரத்துக்குப் பத்தல. சித்தேரிக்கு ஜாஸ்தி. நடுவுல ஒரு நம்பர் இருக்கா ரீ?"

"இல்ல சார். எந்த நம்பர் போட்டாலும் யாராவது ஒருத்தர் மாட்டுவாங்க. பெட்டியே பாத்து வெச்சுக்கணும்."

"மாடி" என்றார். கன்னடத்தில் 'செய்யுங்கள்' என்று அர்த்தம்.

4. சுவர்க் கடிகாரம்

வேலையை இரண்டாகப் பிரித்தேன். முதல் பகுதி சுலபம்: பூட் ஆகும்போது பெட்டியில் எவ்வளவு மெமரி இருக்கிறது என்று பார்த்து, அதற்குத் தக்கபடி அறைகளைக் கட்டுவது. இது ஒரு ஊகம்தான். மெமரி இருக்கும் அளவைப் பார்த்து ஊரின் அளவைச் சொல்லிவிட முடியாது.

இரண்டாம் பகுதிதான் உண்மையான வேலை. ஓடிக்கொண்டிருக்கும்போதே இணைப்புகளின் எண்ணிக்கையைக் கவனித்து, அறைகள் நெருக்கடியானால் இரு மடங்கு பெரிய புது டேபிளைக் கட்டி, பழையதில் இருப்பதை அதற்கு மாற்ற வேண்டும்; கூட்டம் குறைந்தால் அதேபோலச் சுருக்கவும் வேண்டும். ஒரேயடியாக மாற்றினால் அந்த நேரம் ஊர் முழுக்க நின்றுவிடும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றும்படி எழுதினேன். மாற்றி முடியும்வரை பழைய டேபிள், புது டேபிள் இரண்டும் இருக்கும். பாக்கெட் வந்தால் முதலில் புதியதில் தேடும், அங்கே இல்லையென்றால் பழையதில் தேடும்.

அந்த மாதங்களில் நான் சின்னப் பெண் மாதிரி ஆகிவிட்டேன். ஓசூரில் இருந்த வாடகை வீட்டில் சோற்றை அடுப்பில் வைத்துவிட்டுக் கோட்டை யோசித்துக்கொண்டிருப்பேன். அடி பிடிக்கும் வாசனை வந்த பிறகுதான் ஓடுவேன். இத்தனை வருடம் மற்றவர்களின் பிழையை எழுதி மேலே அனுப்பிக்கொண்டிருந்தவளுக்கு, மேலே உட்கார்ந்து நேரடியாகத் திருத்துவதில் அப்படி ஒரு சந்தோஷம். முடித்ததும் அருளிடம் கொடுத்தேன்.

இதற்குள் முனிரத்தினத்திடமிருந்து மறுபடியும் போன். காலேஜ் கவுன்சிலிங்குக்கு ஆன்லைனில் விருப்பப் பட்டியல் நிரப்பும் நாட்கள் வரப்போகின்றன. ஊரில் பன்னிரண்டாவது முடித்த பிள்ளைகள் எல்லாம் அவருடைய லைனை நம்பித்தான் இருக்கிறார்கள். கடைசி நாளில் நெட் இழுத்துக்கொண்டால் யார் பதில் சொல்வது?

"அதுக்குள்ள வந்துருமுங்க" என்று நான் சொல்லிவிட்டேன்.

அருள் வேறு மாதிரி சொன்னார். "இதுல கையெழுத்துப் போட மாட்டேன், மல்லிகா."

"ஏன்?"

"கால் கட் ஆகுது."

லேபுக்குக் கூட்டிப் போனார். லேப் சுவரில் டிக் டிக் என்று பலமாகச் சத்தம் போடும் ஒரு பழைய கடிகாரம் இருந்தது. அதன் கீழே ஒரு போன். இன்னொரு போன் அறையின் மறுகோடியில் ஒரு மேஜை மேல். இரண்டுக்கும் நடுவில் எங்கள் பெட்டி வழியாக இன்டர்நெட் கால். இந்தப் பக்கம் டிக் டிக் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் செயற்கையாக இணைப்புகளை ஏற்றி இறக்கி, டேபிளைத் திரும்பத் திரும்ப வளரவும் சுருங்கவும் வைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் காத்திருந்தோம். டீ வந்து ஆறிப்போனது. எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. திடீரென்று டிக் டிக் நின்றது. சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"எத்தனையோ தடவைக்கு ஒரு தடவைதானே?" என்றேன்.

"அந்த ஒரு தடவை, ஒரு பொண்ணு சப்மிட் அமுக்கற நேரமா இருந்தா?"

"இப்போ இருக்கற நெலமையில அந்தப் பொண்ணுக்குப் பக்கமே தொறக்காது, அருள். அது பரவாயில்லையா?"

"பக்கம் தொறக்கலன்னா அதுக்குத் தெரியும், வேற எங்கயாவது ஓடும். பாதியில அறுந்தா, போச்சா போகலையான்னே தெரியாம உட்கார்ந்திருக்கும்."

எனக்குக் கோபம் வந்தது. லேபை விட்டு வெளியே வந்துவிட்டேன். பிரகாஷ் சாரிடம் போய், அவருடைய அதிகாரத்தைப் பயன்படுத்தி அருளின் கையெழுத்து இல்லாமலே ரிலீஸ் பண்ணிவிடலாமா என்று கேட்கத்தான் நடந்தேன். லிஃப்ட் வருவதற்குள் அந்த டிக் டிக் நின்ற நொடி மறுபடியும் காதில் வந்தது. திரும்பிப் போய், "காரணம் என்னன்னு தெரியாம அனுப்பக்கூடாது, நீங்க சொல்றது சரி" என்றேன். அவர் ஆறிப்போன டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

முதல் பகுதியை மட்டும் தனியாகப் பிரித்து எடுத்தோம். பூட் ஆகும்போது தானாக அளவெடுக்கும், ஓடும்போது வளராது. அதை அருள் சோதித்துக் கையெழுத்துப் போட்டார். நானே அதை எடுத்துக்கொண்டு பென்னாகரம் போனேன்.

5. கடைசி நாள் மதியம்

ஏற்றியதும் சாயங்கால இழுவை நின்றுவிட்டது. முனிரத்தினம் முகத்தில் பழைய தெம்பு வந்தது. பஜாரில் என்னை அழைத்துக்கொண்டு நடந்து, பார்க்கிறவர்களிடமெல்லாம் "கம்பெனி மேடம்" என்று காட்டினார். இருந்தாலும் விருப்பப் பட்டியலின் கடைசி நாளன்று நான் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அன்று காலையிலிருந்தே ஊர் முழுக்க நெட்டில் இருந்தது. சுற்றுக் கிராமங்களிலிருந்து பிள்ளைகள் சொந்தக்காரர்கள் வீடுகளுக்கும் பிரவுசிங் சென்டர்களுக்கும் வந்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்துக்கே இணைப்புகள் என் ஊகத்தைத் தாண்டிவிட்டன. சங்கிலிகள் மறுபடி நீள ஆரம்பித்தன. சிபியு ஏறிக்கொண்டிருந்தது. மொபைல் டவரோ அன்று எங்களைவிட மோசம்.

கூத்தப்பாடியிலிருந்து ஓர் அம்மா மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடியேறி வந்தார். "சென்டர்ல சுத்திகினே இருக்குதுங்க. இங்கதான் மெயினாமே. இங்கயே போட்டுடுங்க பாப்பாவுக்கு." அந்தப் பெண் கையில் மதிப்பெண் பட்டியலின் நகலோடு நின்றாள். அவர்களை உட்கார வைத்துவிட்டு நான் கணக்குப் போட்டேன். டேபிளை இரு மடங்காக்கினால் போதும், மெமரியும் இருந்தது. ஆனால் ஓடும்போது வளரும் பகுதி பெங்களூரில், லேபில் இருந்தது. இங்கே அளவை மாற்ற வேண்டுமென்றால் ரீபூட் செய்ய வேண்டும். ரீபூட் செய்தால் ஊரில் நிரப்பிக்கொண்டிருக்கும் அத்தனை பேருடைய இணைப்பும் ஒரே நேரத்தில் அறுந்துபோகும்.

அருளுக்குப் போன் செய்தேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அறுக்கறது தப்பில்ல. சொல்லாம அறுக்கறதுதான் தப்பு."

அதை அப்படியே முனிரத்தினத்திடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "சொல்றதா? சொல்லத்தானுங்க நான் இருக்கறேன்" என்று பக்கத்து அறைக்கு ஓடினார். அவருடைய லோக்கல் சேனல் அங்கிருந்துதான் ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தது. ஏதோ கோயில் திருவிழா ஓடிக்கொண்டிருந்த திரையின் அடியில் எழுத்துகள் ஓடத் தொடங்கின: 'கவுன்சிலிங் நிரப்பும் பிள்ளைகள் கவனத்துக்கு. உடனே சேவ் செய்யவும். மூன்று மணிக்கு நெட் சிறிது நேரம் நிற்கும். மறுபடியும் வரும். பயப்பட வேண்டாம். இப்படிக்கு முனிரத்தினம்.' பிறகு ஒவ்வொரு பிரவுசிங் சென்டருக்கும் போன் போட்டார். லைன் கிடைக்காத சென்டருக்கு பைக்கில் போய் வாசலில் நின்று கத்திவிட்டு வந்தார்.

மூன்று மணிக்கு நான் எண்ணை மாற்றி ரீபூட் கொடுத்தேன். விளக்குகள் எல்லாம் அணைந்தன. இத்தனை வருடத்தில் எத்தனையோ பெட்டிகளை ரீபூட் செய்யச் சொல்லிப் போனில் சாதாரணமாகச் சொல்லியிருக்கிறேன். அது திரும்பி வரும்வரை அந்தப் பக்கம் இருப்பவருக்கு எப்படி இருக்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கூத்தப்பாடி அம்மா கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். கீழே மருந்துக் கடையில் யாரோ "வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

ஒவ்வொரு விளக்காக எரிய ஆரம்பித்தது. இணைப்புகள் வெள்ளம் மாதிரி திரும்பி வந்தன. சிபியு ஏறி, ஓரிடத்தில் நின்று, இறங்கியது. அந்தப் பெண் என் லேப்டாப்பிலேயே தன் பட்டியலைத் திறந்து, கல்லூரிகளை வரிசைப்படுத்தி, நான்கு தடவை சரிபார்த்து, பொத்தானை அழுத்தினாள். ஏற்கப்பட்டதாகத் திரையில் வந்ததும் அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா என்னைப் பார்த்தார். "ஆய்ப்போச்சுங்களா?"

"ஆச்சும்மா."

அன்று சாயங்காலம்வரை சேவ் ஆகவில்லை என்று ஒருவரும் மாடியேறி வரவில்லை.

6. எந்தப் பக்கம் முதலில் தேடுவது

திங்கட்கிழமை நானும் அருளும் லேபில் உட்கார்ந்தோம். காரணத்தைக் கண்டுபிடித்தது இருவரும் சேர்ந்துதான். அவர் ஒரு பாக்கெட்டாக நடித்தார், நான் மாற்றும் வேலையைச் செய்தேன். இரண்டு மேஜைகள்தான் இரண்டு டேபிள்கள். அவர் புது மேஜையில் தேடினார், அங்கே இல்லை. அவர் திரும்பும் அந்த இடைவெளியில் நான் பழைய மேஜையிலிருந்த பேனாவை எடுத்துப் புது மேஜையில் வைத்துவிட்டேன். அவர் பழைய மேஜையில் தேடினார், அங்கேயும் இல்லை. பேனா எப்போதும் ஏதோ ஒரு மேஜையில் இருந்தது. ஆனால் அவர் கண்ணில் படவில்லை. இணைப்பு இருக்கும்போதே இல்லை என்று பெட்டி நினைத்து, புதிதாக ஒன்றைத் தொடங்கிவிடும். எதிர்முனைக்கு அது அந்நியமாகத் தெரியும். கால் கட் ஆகிவிடும்.

"மொதல்ல பழசுல தேடினா?" என்றார்.

பழையதில் முதலில் தேட வேண்டும். புதியதில் வைத்த பிறகே பழையதிலிருந்து எடுக்க வேண்டும். அப்போது எந்த இடைவெளியில் எது நகர்ந்தாலும் தேடுபவர் கண்ணில் பட்டே தீரும். திருத்தியது சில வரிகள்தான். கடிகாரத்தின் டிக் டிக் வாரம் முழுக்க நிற்கவில்லை. அதன்பிறகு இன்னொரு தொல்லை வந்தது. எல்லைக் கோட்டில் நின்றுகொண்டு டேபிள் வளர்வதும் சுருங்குவதுமாக ஆடியது. வளர ஓர் எல்லை, சுருங்க அதைவிட வெகு கீழே ஓர் எல்லை என்று வைத்ததும் அடங்கியது. மெமரி குறைந்தால் வளரவே கூடாது என்பதைச் சித்தேரியை நினைத்துக்கொண்டு எழுதினேன்.

அருள் கையெழுத்துப் போட்டார். அந்த ரிலீஸ் பென்னாகரத்துக்கும் போனது, சித்தேரிக்கும் போனது. பென்னாகரத்தில் சாயங்காலம் வளர்ந்து விடியற்காலையில் சுருங்கியது. சித்தேரியில் சின்னதாகத் தொடங்கிச் சின்னதாகவே இருந்தது. பிரகாஷ் சார் அந்தப் பழைய எண் இருந்த வரியைத் தானே நீக்கினார். நீக்கிவிட்டு எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கினார்.

சில வருடங்களில் டெஸ்டிங் குழுவைக் கலைத்துவிட்டார்கள். அருள் ஒரு பாலிடெக்னிக்கில் ஆசிரியராகச் சேர்ந்தார். சனிக்கிழமை ரயிலில் நான் தனியாக வர ஆரம்பித்தேன். எதிரே உட்கார்ந்திருப்பவர்களிடம் பேச எதுவும் இருக்காது. ஜன்னலுக்கு வெளியே மலைகளைப் பார்த்துக்கொண்டே வருவேன். அந்த வாதங்களை நினைத்துக்கொள்வேன். அவரிடம் நான் ஜெயித்தவை கொஞ்சம்தான். தோற்றவைதான் இன்று நல்ல ஞாபகத்தில் இருக்கின்றன.

7. எந்தப் பெட்டிங்க?

ஓய்வு பெற்று மாரண்டஹள்ளிக்கே வந்துவிட்டேன். ஒருநாள் போனில் பழைய நம்பர்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது முனிரத்தினம் பெயர் வந்தது. அந்த ரிலீஸுக்குப் பிறகு அவர் என்னைக் கூப்பிட்டதே இல்லை. கூப்பிட்டேன்.

"யாருங்க?"

"மல்லிகா பேசறேனுங்க."

"எந்த மல்லிகாங்க?"

"பெங்களூர்ல, பெட்டிக் கம்பெனியில..."

"எந்தப் பெட்டிங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கவுன்சிலிங், மூன்று மணி, லோக்கல் சேனல் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். திடீரென்று அந்தப் பக்கம் குரல் உயர்ந்தது.

"ஐயோ, மேடமுங்களா! கோச்சுக்காதீங்க. மறந்தே போச்சுங்க. அந்தப் பெட்டி ஓடுதா இல்லையான்னு திரும்பிப் பாத்தே ரொம்ப நாளாச்சு. தூசு தட்டக்கூட யாரும் கிட்டப் போறதில்லீங்க."

கொஞ்ச நேரம் குடும்பம், மழை, தக்காளி விலை என்று பேசிவிட்டு வைத்தோம். ஒரு காலத்தில் என்னை நாள் தவறாமல் கூப்பிட்டவர், பஜாரில் என்னைப் பெருமையாகக் காட்டியவர், என் பெயரை மறந்துவிட்டார் என்பதில் லேசான வலி இருந்தது உண்மை. ஆனால் யோசிக்க யோசிக்க, என் பணிக்காலத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான் என்று பட்டது.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். அளவை நாற்காலியிலிருந்து முடிவு செய்யாதீர்கள். பெட்டி எந்த ஊரில் இருக்கிறதோ, அந்த ஊரைப் பெட்டியே பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி எழுதுங்கள். உங்களிடம் கையெழுத்துப் போட மறுப்பவரை உங்கள் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் சரியாக நடந்தால் உங்களை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அன்று சந்தோஷப்படக் கற்றுக்கொள்ளுங்கள். எனக்கு அதற்குக் கொஞ்ச நாள் பிடித்தது.